கணிதப் பேராசான் மகாவீராசாரியர்

இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய வர்த்தமான மகாவீரரின் திருப்பெயரைத் தாங்கி, அப்பெருமானுக்கு 1,300 ஆண்டுகளுக்கும் பின்னர்த் தக்காண நாட்டில் வாழ்ந்த பேரறிஞர் மகாவீராசாரியர். அவர் யாத்த கணிதசார சங்கிரகம் என்னும் வடமொழி நூல், இந்தியக் கணித வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. ஆசாரியர்கள் பலருடைய வாழ்வைத் தவத்தாலும் தருமோபதேசத்தாலும் நாம் அறிகிறோம். இப்பெருமகனாரின் வாழ்வையோ அவர் கற்பித்த கணக்குகளால் அறிகிறோம். விழா மலரைக் கையில் ஏந்தும் அன்பர்களும், குறிப்பாகப் பள்ளியில் பயிலும் நம் சிறார்களும், அவர் எதனைக் கற்பித்தார் என்பதை ஓரளவேனும் தெளிவாக உணர்தல் வேண்டும். அந்நோக்குடன் இக்கட்டுரை அமைகிறது.

காலமும் அரசும்

மகாவீராசாரியர் கி.பி. 9-ஆம் நூற்றாண்டினர். அவருடைய நூல் ஏறத்தாழ கி.பி. 850-இல் இயற்றப்பெற்றது. அக்காலத்தில் தக்காணத்தை ஆண்டவர் இராட்டிரகூடப் பேரரசர் அமோகவர்ஷ நிருபதுங்கர். இன்றைய கருநாடக மாநிலத்துக் கலபுரகி மாவட்டத்தில் மால்கேட் எனப்படும் ஊரே அவர்தம் தலைநகராகிய மானியகேடம். 814-ஆம் ஆண்டளவில் இளமையிலேயே அரியணை ஏறிய அவ்வேந்தர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்சி புரிந்தார். போர்க்களப் புகழைக் காட்டிலும் கல்விப் புகழே அவருக்குப் பெரிதாய் அமைந்தது. கன்னட மொழியில் இன்று கிடைப்பனவற்றுள் மிகப் பழைய இலக்கண அணி நூலாகிய கவிராசமார்க்கம் அவருடைய அவையில் தோன்றியது. சாகடாயனர் தம் இலக்கண நூலுக்கு வரைந்த உரைக்கு அமோகவிருத்தி என அவ்வரசரின் பெயரையே சூட்டினார்.

அமோகவர்ஷர் பெரிதும் போற்றிய ஆசாரியர் ஜினசேனர். தமிழ்ச் சமணர் இல்லங்களில் பக்தியுடன் ஓதப்பெறும் ஸ்ரீபுராணத்துக்கு மூலமாகிய மகாபுராணத்தைத் தொடங்கியவர் இவரே. இவர்தம் குருவாகிய வீரசேனர், ஷட்கண்டாகமத்துக்குத் தவளை என்னும் பேருரையை 816-இல் நிறைவு செய்தார். இத்தகைய சான்றோர் நிறைந்த சூழலில் மகாவீராசாரியர் தம் நூலைப் படைத்தார். நூலின் தொடக்கத்தில் வர்த்தமானப் பெருமானை வணங்கி, பின்னர் அமோகவர்ஷரைச் சியாத்வாத நெறியில் நிற்கும் வேந்தராகப் போற்றுகிறார். தம்மைப் பற்றியோ, தம் குலம் பற்றியோ அவர் அங்குப் பேசவில்லை. முன்னோர் தேடிவைத்த எண்ணறிவுக் கடலிலிருந்து சாரத்தை மட்டும் திரட்டித் தருவதாகவே அடக்கத்துடன் கூறுகிறார். நூற்பெயரும் அவ்வடக்கத்தையே காட்டுகிறது.

சமணமும் எண்ணும்

சமண ஆகம மரபில் எண்ணுக்கு உயர்ந்த இடம் உண்டு. மூவுலகின் அமைப்பு, தீவுகளும் கடல்களும் வளர்ந்து செல்லும் அளவு, காலத்தின் பிரிவுகள், வினைகளின் நிலைப்பாடு ஆகிய அனைத்தும் அங்கே கணக்கிட்டு உரைக்கப்பெறுகின்றன. எண்ணத்தக்கது, எண்ணற்கரியது, அனந்தம் என்று அளவுகளைப் பகுத்துச் சிந்தித்தவர் நம் ஆசாரியர்கள். யதிவிருஷபரின் திலோயபண்ணத்தியும் வீரசேனரின் தவளையும் கணிதம் செறிந்த நூல்கள்.

மகாவீராசாரியர் இம்மரபின் தோன்றல். ஆயினும் அவர் செய்தது புதுமை. ஆரியபடர், பிரமகுப்தர் முதலிய முன்னோர் தம் வானநூல்களின் ஒரு பகுதியாகவே கணிதத்தை வைத்தனர். மகாவீராசாரியரோ வானநூலைத் தனியே நிறுத்திக் கணிதத்தை மட்டும் 1,100-க்கும் மேற்பட்ட செய்யுட்களில் மாணாக்கர்க்குரிய பாடநூலாக ஆக்கினார். வணிகம், சமையல், மருத்துவம், இசை, கட்டடக்கலை, யாப்பு, தருக்கம் எனத் துறை பலவற்றிலும் எண் வேண்டப்படுகிறது என்பதை நூன்முகத்தில் விரித்துரைத்தார். ஒன்று முதலாக மகாக்ஷோபம் ஈறாக 24 எண்தானங்களுக்குப் பெயரும் தந்தார்.

நூல் ஒன்பது பகுதிகளைக் கொண்டது. அளவைப் பெயர்கள், அடிப்படைச் செயல்கள், பின்னங்கள், பின்னத்தைச் சார்ந்த பல்வகைக் கணக்குகள், மூவிராசி, கலப்புக் கணக்குகள், நிலப்பரப்பு, அகழ்வு, நிழல் என அவை வரிசை பெறுகின்றன. இவற்றுள் கலப்புக் கணக்குப் பகுதியில் வரும் ஒரு சிறு கணக்கே அவருடைய கற்பிக்கும் திறத்தை அறியப் போதுமானது.

இருவகைப் பழங்கள்

மாதுலுங்கம் என்பது எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த பெரிய கனி. அத்துடன் விளாம்பழத்தையும் சேர்த்து ஆசாரியர் ஒரு கணக்கை அமைக்கிறார். 9 மாதுலுங்கங்களும் 7 விளாம்பழங்களும் சேர்ந்து 107 காசு விலை பெறுகின்றன. 7 மாதுலுங்கங்களும் 9 விளாம்பழங்களும் சேர்ந்து 101 காசு விலை பெறுகின்றன. எனில், ஒவ்வொரு பழத்தின் விலை யாது?

முதற்கூற்றை மட்டும் கொண்டு விடை காண இயலாது. மாதுலுங்கம் 1 காசும் விளாம்பழம் 14 காசுமாக இருப்பினும் 107 வரும். 8 காசும் 5 காசுமாக இருப்பினும் வரும். நாலரைக் காசும் ஒன்பதரைக் காசுமாக இருப்பினும் வரும். பின்னங்களை ஏற்றுக்கொள்வோமாயின் இத்தகைய இணைகளுக்கு எல்லையே இல்லை. இரண்டாம் கூற்று வந்து சேர்ந்தபின்னரே இவற்றுள் எது உண்மை எனத் துணிய முடியும். 1-உம் 14-உம் அக்கூற்றில் 133 தரும். நாலரையும் ஒன்பதரையும் 117 தரும். 8-உம் 5-உம் மட்டுமே 101 தரும்.

இவ்வாறு ஒவ்வொன்றாகச் சோதித்தல் கற்றோர் வழியன்று. ஆசாரியர் அதற்கு நேரிய விதி ஒன்றை வகுத்தார். பெரிய விலைத்தொகையைப் பழங்களின் பெரிய எண்ணால் பெருக்குக. சிறிய விலைத்தொகையைச் சிறிய எண்ணால் பெருக்குக. முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க. அவ்விரு எண்களின் வர்க்கங்களுடைய வேறுபாட்டால் வகுக்க. முதற்பழத்தின் விலை கிடைக்கும். பெருக்கும் எண்களை இடம் மாற்றினால் மற்றதன் விலை கிடைக்கும்.

செய்து காண்போம். 107-ஐ 9-ஆல் பெருக்க 963. 101-ஐ 7-ஆல் பெருக்க 707. இவற்றின் வேறுபாடு 256. 9-இன் வர்க்கம் 81, 7-இன் வர்க்கம் 49. அவற்றின் வேறுபாடு 32. 256-ஐ 32-ஆல் வகுக்க 8. எனவே மாதுலுங்கம் ஒன்றின் விலை 8 காசு. இனி, 101-ஐ 9-ஆல் பெருக்க 909. 107-ஐ 7-ஆல் பெருக்க 749. வேறுபாடு 160. அதனை 32-ஆல் வகுக்க 5. எனவே விளாம்பழம் ஒன்றின் விலை 5 காசு.

இவ்விதி எவ்வாறு பலிக்கிறது என்பதும் அறியத்தக்கது. முதற்கூற்றை ஒன்பது மடங்காக்கினால் 81 மாதுலுங்கங்களும் 63 விளாம்பழங்களும் 963 காசு. இரண்டாம் கூற்றை ஏழு மடங்காக்கினால் 49 மாதுலுங்கங்களும் 63 விளாம்பழங்களும் 707 காசு. இரண்டிலும் விளாம்பழத்தின் எண்ணிக்கை 63 ஆகவே, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது விளாம்பழம் முற்றிலும் நீங்கிவிடுகிறது. எஞ்சுவன 32 மாதுலுங்கங்களும் 256 காசும். இன்று நம் சிறார் பள்ளியில் நீக்கல் முறை எனப் பயில்வது இதுவே.

கோடுகள் சந்திக்கும் இடம்

இதே கணக்கை இன்றைய மாணவர் வரைபடத்தாளிலும் செய்வர். கிடையச்சில் மாதுலுங்கத்தின் விலையையும் நிலையச்சில் விளாம்பழத்தின் விலையையும் குறித்தால், முதற்கூற்றுக்குப் பொருந்தும் இணைகள் யாவும் ஒரு நேர்கோட்டின் மேல் அமையும். இரண்டாம் கூற்றுக்குரியவை மற்றொரு நேர்கோட்டின் மேல் அமையும். அவ்விரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளி, கிடையாக 8-உம் நிலையாக 5-உம் கொண்டது. சமன்பாட்டைக் கோடாகக் காணும் இந்நெறி, பிரெஞ்சு அறிஞர் ரெனே தெக்கார்த் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலின் வழியே உலகில் பரவியது. அதற்கு ஏறத்தாழ 800 ஆண்டுகள் முன்னரே, தாளும் அச்சுக்கோடும் இன்றி, அப்புள்ளியை எண்ணால் மட்டும் காணும் விதியை நம் ஆசாரியர் செய்யுளில் அமைத்துவிட்டார்.

கலப்புக் கணக்குப் பகுதியின் தொடக்கத்தில் அவர் கூறும் சங்கிரமணம் என்னும் செயலும் இங்கே துணைபுரியும். இரண்டு எண்களின் கூட்டலும் கழித்தலும் தெரிந்தால், அவ்வெண்களைக் காண்பதே சங்கிரமணம். நம் பழக்கணக்கின் இரு கூற்றுகளையும் கூட்டினால், 16 மாதுலுங்கங்களும் 16 விளாம்பழங்களும் 208 காசு. ஆகவே வகைக்கு ஒன்றாக இரண்டும் சேர்ந்து 13 காசு. முதற்கூற்றிலிருந்து இரண்டாம் கூற்றைக் கழித்தால், இரண்டு மாதுலுங்கங்களின் விலை இரண்டு விளாம்பழங்களின் விலையினும் 6 காசு மிகுதி. ஆகவே ஒன்றுக்கு ஒன்று 3 காசு மிகுதி. 13-உம் 3-உம் கூட்டிப் பாதியாக்க 8. கழித்துப் பாதியாக்க 5. வரைபடத்தில் நோக்கினால், கூட்டல் 13 என்னும் கோடும் வேறுபாடு 3 என்னும் கோடும் முன்னைய கோடுகள் சந்தித்த அதே புள்ளியில் சந்திக்கின்றன. வழி வேறாயினும் சென்றடையும் இடம் ஒன்றே.

எல்லாக் கோடுகளும் சந்திப்பதில்லை என்பதையும் மாணாக்கர் நினைவிற் கொள்ள வேண்டும். இருவகைப் பழங்களும் ஒவ்வொரு கூற்றிலும் ஒன்பதொன்பதாகவே இருந்தால், வர்க்க வேறுபாடு சுழியாகும், வகுக்க இயலாது. இரு கூற்றுகளின் விலைத்தொகையும் ஒன்றேயாயின், இரண்டாம் கூற்று முதற்கூற்றின் எதிரொலியே. அது புதிதாக எதையும் கூறவில்லை. தொகைகள் வேறாயின், கூற்றுகள் ஒன்றையொன்று மறுப்பன. அவற்றின் கோடுகள் இணைகோடுகளாய் என்றும் சந்திப்பதில்லை. இரண்டு கூற்றுகள் இருந்தால் மட்டும் போதாது. அவை வெவ்வேறு நோக்கிலிருந்து பிறந்தவையாகவும் இருத்தல் வேண்டும்.

அநேகாந்த நெறியில் பயின்றோர்க்கு இக்கருத்து அந்நியமன்று. ஒரு நோக்கில் நின்று பார்ப்பவர் உண்மையின் ஒரு பகுதியையே காண்கிறார். அவர் கண்டது பொய்யன்று, முழுமையும் அன்று. முதற்கூற்று 107 காசு என்று சொன்னது மெய்யே. எனினும் விலையை அது மட்டும் தீர்மானிக்கவில்லை. மற்றொரு நோக்கும் வந்து இணையும்போதே பொருள் துலங்குகிறது. ஆசாரியர் இவ்வொப்புமையைத் தம் நூலில் எழுதவில்லை. கணக்கைக் கற்கும் நாம் எண்ணி மகிழத்தக்க ஒப்புமை இது.

இரு தூண்களும் இரு கயிறுகளும்

நிலப்பரப்பைக் கூறும் பகுதியில், கோடுகள் மெய்யாகவே குறுக்கிடும் கணக்கு ஒன்றையும் ஆசாரியர் எடுத்துக்கொள்கிறார். சமதரையில் இரண்டு தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலிருந்தும் மற்றதன் அடிக்குக் கயிறு இழுத்துக் கட்டப்படுகிறது. இரு கயிறுகளும் குறுக்கிடும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? கயிறுகள் தூணின் அடியைத் தாண்டித் தரையில் ஊன்றும் நிலையையும் சேர்த்து அவர் விதி கூறுகிறார். எளிய நிலையை மட்டும் நாம் நோக்குவோம்.

நம் ஆலயங்களின் முன் நிற்கும் மானஸ்தம்பங்களை நினைவிற் கொண்டு, ஒரு தூண் 30 முழமும் மற்றது 20 முழமும் உயரமுடையன என்றும், இடைத்தொலைவு 50 முழம் என்றும் கொள்வோம். பெரிய தூணின் அடியிலிருந்து அளந்து செல்லும்போது, அதன் உச்சியிலிருந்து இறங்கும் கயிறு 50 முழத்தில் 30 முழம் இறங்குகிறது. அஃதாவது 5 முழத்துக்கு 3 முழம். மற்றக் கயிறு 50 முழத்தில் 20 முழம் ஏறுகிறது. அஃதாவது 5 முழத்துக்கு 2 முழம். 30 முழத் தொலைவில், இறங்கும் கயிறு 18 முழம் இறங்கி 12 முழ உயரத்தில் நிற்கும். ஏறும் கயிறும் அங்கே 12 முழம் ஏறியிருக்கும். எனவே சந்திக்கும் இடத்தின் உயரம் 12 முழம். இதையே சுருக்கமாக, இரு உயரங்களின் பெருக்கமாகிய 600-ஐ அவற்றின் கூட்டலாகிய 50-ஆல் வகுத்துப் பெறலாம்.

இதில் வியப்பொன்று உண்டு. தூண்களின் இடைத்தொலைவு 100 முழமாயினும் அவ்வுயரம் 12 முழமே. இடைவெளி விரியுங்கால் சந்திக்கும் இடம் பக்கவாட்டில் நகருமேயன்றி உயரத்தில் மாறுவதில்லை. உயரத்தைக் காணும் கணக்கில் இடைத்தொலைவு நீங்கிவிடுவதே இதற்குக் காரணம்.

பிற சாதனைகள்

பல பொருள்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வகைகளின் எண்ணிக்கைக்குப் பொதுவிதி தந்தவர் மகாவீராசாரியர். ஆறு சுவைகளை ஒன்றாகவும், இரண்டிரண்டாகவும், மேலும் பலவாகவும் கலந்தால் எத்தனை வகை தோன்றும் என அவர் கேட்கிறார். 6, 15, 20, 15, 6, 1 எனக் கூட்டினால் 63 என்னும் விடை வருகிறது. 142857143-ஐ 7-ஆல் பெருக்கினால் 1000000001 வரும். இவ்வாறு இருபுறமிருந்தும் ஒன்றுபோல் படிக்கத்தக்க எண்களை மாலையாக உருவகித்து மாணாக்கரை மகிழ்வித்தார். குறை எண் தன் இயல்பால் வர்க்கம் அன்று. ஆதலால் அதற்கு வர்க்கமூலம் இல்லை என்றும் தெளிவுறக் கூறினார்.

ஓர் இடத்தில் அவர் கூற்று பிழைபட்டது. சுழியால் வகுக்கப்பட்ட எண் மாறாதிருக்கும் என்று அவர் எழுதினார். அவ்வாறு வகுத்தல் பொருளற்றது என்பதே இன்றைய கணிதத்தின் முடிபு. சந்திக்காத கோடுகளிடத்து நாம் கண்ட இடர்ப்பாடும் அதுவே. பேரறிஞரையும் ஆராய்ந்து ஏற்றலே அறிவுக்கு அழகு. அவருடைய பெருமை இதனால் குன்றுவதில்லை.

ஏடுகள் காத்த செல்வம்

கணிதசார சங்கிரகம் தென்னாட்டில் நெடுங்காலம் பாடநூலாகத் திகழ்ந்தது. 11-ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இதனைத் தெலுங்கில் ஆக்கினார். கன்னட நாட்டில் உரைகள் எழுந்தன. பிற்காலத்தில் நூல் அறிஞருலகின் கண்ணுக்கு மறைந்தது. ஆயினும் அழியவில்லை. மடங்களிலும் நூலகங்களிலும் அதன் ஏடுகள் உறங்கிக் கிடந்தன.

அவற்றை எழுப்பிய பெருமை சென்னைக்கு உரியது. சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராகவும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் காப்பாளராகவும் இருந்த எம். இரங்காசாரியர், அந்நூலகத்தில் முற்றுப்பெறாத சுவடிகளைக் கண்டார். மைசூரிலிருந்தும் மூடபித்ரியிலிருந்தும் பிற படிகளை வருவித்து ஒப்புநோக்கினார். மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் விளக்கக் குறிப்புகளையும் சேர்த்து 1912-இல் சென்னை அரசு அச்சகத்தின் வழி வெளியிட்டார். அமெரிக்கக் கணித வரலாற்றறிஞர் டேவிட் யூஜின் ஸ்மித் அதற்கு அறிமுகவுரை வரைந்தார். அதன் பின்னரே மகாவீராசாரியரின் பெயர் உலகக் கணித வரலாறுகளில் இடம்பெற்றது. 1963-இல் சோலாப்பூரிலிருந்து இந்தி மொழிபெயர்ப்பும் வந்தது.

மூடபித்ரி, தவளையின் பழைய ஓலைச்சுவடிகளைக் காத்த அதே திருத்தலம். நூலைப் படியெடுத்து ஆலயத்துக்கும் மடத்துக்கும் வழங்கும் சாத்திர தானத்தை நம் முன்னோர் புண்ணியச் செயலாகப் போற்றினர். அத்தானம் நிகழ்ந்திராவிடில், இரங்காசாரியர் தேடிய நாளில் கையில் அகப்பட ஓர் ஏடும் இருந்திராது. நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் இன்றும் பழைய ஏடுகள் இருக்கக்கூடும். அவற்றின் பொருள் நமக்கு விளங்காமற்போகலாம். ஆயினும் செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாக விடாமல், படிக்கவல்லாரிடமும் படமெடுத்துக் காக்கவல்லாரிடமும் சேர்ப்பித்தல் நம் கடமை.

மகாவீராசாரியருக்கு நாம் செய்யத்தக்க மற்றொரு வழிபாடும் உண்டு. அவர் விதியை நம் சிறார் கையாளுமாறு செய்தலே அது. விழாவுக்கு வாங்கிய 5 தேங்காய்களும் 3 மாம்பழங்களும் 186 ரூபாய். 3 தேங்காய்களும் 5 மாம்பழங்களும் 150 ரூபாய். ஒவ்வொன்றின் விலை யாது? பெற்றோர் இதனைப் பிள்ளைகளிடம் கேட்பாராக. முதலில் ஆசாரியரின் விதியாலும், பின்னர்ச் சங்கிரமணத்தாலும், அதன்பின் வரைபடத்தாளில் இரு கோடுகள் வரைந்தும் விடை காணச் செய்வாராக. மூன்று வழிகளும் ஒரே விடையைத் தருவதைக் கண்டு அவர்கள் முகம் மலருமாயின், 1,100 ஆண்டுகளுக்கு முன் மானியகேடத்து வேந்தர் காலத்தில் ஆசாரியர் ஏற்றிய விளக்கு நம் இல்லத்திலும் ஒளிவிடுவதாகும்.